மேட்டுப்பாளையத்தில் ஏறி மாசினகுடியில் இறங்கி: நீலகிரியின் செடிகொடிகளை உயரத்தோடு சேர்த்துப் பார்க்க

முதல் நாள்: மேட்டுப்பாளையம் – கல்லாறு – பர்லியார் – குன்னூர்

மேட்டுப்பாளையம் ரயில் நிலையத்தின் உயரம் சுமார் 326 மீட்டர். குன்னூர் நிலையம் 1,700 மீட்டருக்குச் சற்று மேலே. சாலையில் முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான். ஏற்றமோ ஏறக்குறைய 1,400 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பம் சராசரியாக 6 டிகிரி குறையும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஈரக் காற்றில் கொஞ்சம் குறைவாகவும் வறண்ட காற்றில் கூடுதலாகவும் இருக்கும். இந்தக் கணக்குப்படி மேட்டுப்பாளையத்துக்கும் 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டாவுக்கும் நடுவே 14 டிகிரி வித்தியாசம். செடிகளைப் பொறுத்தவரை இது ஒரு மாவட்டத்துக்குள் நான்கைந்து நாடுகள்.

கிளம்புமுன் கருவியைச் சரி செய்துகொள்ள வேண்டும். கைபேசியின் ஜிபிஎஸ் காட்டும் உயரம் மலை மடிப்புகளுக்குள் முப்பது, நாற்பது மீட்டர் வரை ஏமாற்றும். காற்றழுத்தத்தை அளக்கும் உயரமானி அதைவிட நுட்பமானது. ஆனால் வானிலை மாறினால் அதுவும் நகரும். காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் மாறினால் கீழே 8 முதல் 9 மீட்டரும், 2,000 மீட்டரில் ஏறக்குறைய 10 மீட்டரும் பிழை வரும். மழை மேகம் கூடிய மாலையில் அழுத்தம் 4, 5 ஹெக்டோபாஸ்கல் இறங்கிவிட்டால், நின்ற இடத்திலேயே 50 மீட்டர் ஏறிவிட்டதாகக் கருவி சொல்லும். அதனால் உயரம் எழுதியிருக்கும் ஒவ்வொரு ரயில் நிலையப் பலகையிலும் நின்று திருத்திக்கொள்வது நல்லது. மலை ரயில் பாதையில் இதற்குக் குறைவே இல்லை.

அடிவாரத்தில் உசிலை, வெக்காலி, இலந்தை, பாறை இடுக்குகளில் சதுரக்கள்ளி. கோடையில் இலையுதிர்த்து நிற்கும் காடு இது. இங்கே செடியைத் தீர்மானிப்பது குளிர் அல்ல, தண்ணீர். கல்லாற்றங்கரைக்கு வந்ததும் அது கண்கூடாகத் தெரியும்: ஆற்றின் ஓரத்தில் மட்டும் பசுமை மாறாத மரங்கள், பெருமூங்கில், அதைத் தொட்டுக்கொண்டு பாக்குத் தோப்புகள். ஐம்பது மீட்டர் தள்ளிப்போனால் மறுபடி முள்ளும் காய்ந்த புல்லும். உயரம் ஒன்றுதான், தண்ணீர் வேறு.

கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது 500 மீட்டரிலிருந்து 900 மீட்டர் வரை காடு படிப்படியாக அடர்கிறது. பர்லியாரில் பலாவும் மங்குஸ்தானும் நன்றாக விளைகின்றன. மங்குஸ்தானுக்கு உறைபனி ஆகாது, நீண்ட வறட்சியும் ஆகாது. அடிவாரத்தின் வெப்பத்திலிருந்தும் மேல்மலையின் குளிரிலிருந்தும் தப்பித்த ஒரு நடுப்பட்டை இது என்பதற்கு அந்த மரமே சாட்சி.

சாலையோரத்தை மட்டும் பார்த்து இந்தக் காட்டைப் பற்றி முடிவு கட்டக்கூடாது. வெட்டிய மண், வெயில், வண்டிகளோடு வரும் விதை மூன்றும் சேர்ந்து சாலையின் இருபுறமும் பத்து, இருபது மீட்டருக்கு ஒரு தனித் தாவரக் கூட்டத்தை உருவாக்கிவிடுகின்றன: உண்ணிச்செடி, பார்த்தீனியம், யூபடோரியம். உண்ணிச்செடி கீழே ராஜா. 1,500 மீட்டரைத் தாண்டினால் வலு குறைகிறது. அதன் இடத்தை யூபடோரியம் பிடிக்கிறது. களைகளுக்கும் உயரப் படிநிலை உண்டு.

இரண்டாம் நாள்: குன்னூர், தேயிலைப் பட்டை

குன்னூரைச் சுற்றி 1,000 மீட்டரிலிருந்து 2,000 மீட்டர் வரை மலையின் தாவரப் படம் பெரும்பாலும் ஒரே இனம்: தேயிலை. நீலகிரியில் 1830களில் சோதனையாக நட்டார்கள்; 1850களுக்குப் பிறகு தோட்டமாக வளர்ந்தது. தேயிலைக்கு மழை வேண்டும், நீர் தேங்கக்கூடாது, மண்ணின் பி.எச். 4.5 முதல் 5.5 வரை புளிப்பாக இருக்க வேண்டும். மழைக்காடு நின்ற நடுமலைச் சரிவு இந்த மூன்றையும் கொடுத்தது. அதனால்தான் நீலகிரியில் மிக அதிகமாக அழிந்தது நடுமலைக் காடு. அடிவாரக் காடு யானைக்கும் மரத்துக்கும் என்று ஒதுக்கப்பட்டதால் தப்பியது. மேல்மலைச் சோலை, அதாவது மலை மடிப்புகளில் நிற்கும் குட்டையான பசுமை மாறாக் காடு, குளிரால் ஓரளவு தப்பியது. நடுவில் இருந்தது தப்பவில்லை.

இதை மறந்துவிட்டால் கணக்கு தப்பாகிவிடும். உயரம் கூடக்கூட இனங்களின் எண்ணிக்கை எப்படி மாறுகிறது என்று வரைபடம் போடுபவர்கள் இந்த மலையில் 1,200 முதல் 1,800 மீட்டர் வரை ஒரு பள்ளத்தைக் காண்பார்கள். அது உயரத்தின் வேலை அல்ல; கவாத்துக் கத்தியின் வேலை. தீண்டப்படாத மலைகளில் நடு உயரங்களில்தான் இனங்கள் அதிகமாக இருப்பது வழக்கம், ஏனென்றால் கீழிருந்து வரும் இனங்களும் மேலிருந்து இறங்கும் இனங்களும் அங்கே கலக்கின்றன.

எஞ்சியதைப் பார்க்க ஓடைகளைப் பின்தொடர வேண்டும். தோட்டத்துக்குள் ஓடை இறங்கும் மடிப்புகளில் ஒரு கீற்றாகச் சோலை மரங்கள் நிற்கும்: நாவல் இனங்கள், காட்டு லவங்கம், செண்பகம். இருபது மீட்டர் அகலம்தான் இருக்கும். ஆனால் இரண்டு பக்கமும் தேயிலை என்பதால் ஓரத்து வெயிலும் காற்றும் முழுவதையும் ஊடுருவிவிடும். பெரிய மரங்கள் உயிரோடு இருக்கும்; அடியில் அவற்றின் கன்றுகள் இருக்காது. இப்படிப்பட்ட கீற்றில் மரங்களை மட்டும் எண்ணினால் நல்ல காடு என்று தோன்றும். ஒரு மீட்டருக்கும் குறைவான கன்றுகளைத் தனியாக எண்ணினால்தான் அது பழைய காட்டின் கடைசித் தலைமுறை என்பது தெரியவரும்.

தேயிலைக்கு அடியிலும் பார்க்க நிறைய உண்டு. கவாத்து முடிந்த முதல் ஆண்டில் வெயில் மண்ணைத் தொடுவதால் களைகள் பெருகும். இரண்டு மூன்று ஆண்டுகளில் மேல்மட்டம் மூடியதும் குறையும். நான்கைந்து ஆண்டுக்கு ஒரு முறை சுழலும் கவாத்தில், எந்த ஆண்டுத் துண்டில் நிற்கிறோம் என்று கேட்காமல் எடுத்த களைக் கணக்குக்கு அர்த்தமில்லை. களைக்கொல்லி அடித்திருக்கிறார்களா என்றும் கேட்க வேண்டும். நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் ஆஸ்திரேலிய மரம். அதன் கிளைகளில் சோலையின் ஆர்க்கிட் தொற்றிக்கொள்வது அரிது.

மூன்றாம் நாள்: கோத்தகிரி, லாங்வுட் சோலை

கோத்தகிரி ஊருக்கு அருகிலேயே 116 ஹெக்டேரில் ஒரு சோலை எஞ்சியிருக்கிறது. லாங்வுட் சோலை சுற்றியுள்ள ஊர்களுக்குக் குடிநீர் தருகிறது. 2024ஆம் ஆண்டு உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. மூன்று பக்கமும் தேயிலையும் வீடுகளும் நெருக்கி நிற்கும் இடம் என்பதால், ஒரே உயரத்தில் நிலப்பயன்பாடு என்ன செய்கிறது என்று பார்க்க இதைவிட நல்ல பாடசாலை இல்லை. உள்ளே நுழைய வனத்துறை அனுமதி வேண்டும். காட்டெருமை நடமாட்டம் உள்ளதால் விடியலிலும் அந்தியிலும் உள்ளே போகக்கூடாது.

செடிகளை எண்ணுவதற்குத் தரையில் கட்டம் போடும் முறையை இங்கே விளக்கிவிடலாம். மரங்களுக்கு 20க்கு 20 மீட்டர் சதுரம்; அதன் நான்கு மூலைகளில் புதர்களுக்கு 5க்கு 5; ஒவ்வொன்றுக்குள்ளும் புல் பூண்டுகளுக்கு 1க்கு 1. தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் சுற்றளவு 30 சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேல் இருந்தால் மரம் என்று எழுதலாம். சரிவில் நிற்கும் மரத்துக்கு மேட்டுப் பக்கத்திலிருந்து 1.3 மீட்டர் அளக்க வேண்டும். பள்ளப் பக்கத்திலிருந்து அளந்தால் ஒவ்வொருவர் கணக்கும் ஒவ்வொரு மாதிரி வரும்.

மிகப் பலரும் தவறுவது சரிவுத் திருத்தத்தில். நாடாவைச் சரிவின் மேல் விரித்து 20 மீட்டர் அளந்தால், மேலிருந்து பார்க்கும் தரைப்பரப்பில் அது 20 ஆகாது. 20 டிகிரிச் சரிவில் 21.3 மீட்டரும், 30 டிகிரிச் சரிவில் 23.1 மீட்டரும் விரிக்க வேண்டும். செய்யாவிட்டால் செங்குத்தான இடங்களின் கட்டங்கள் தானாகவே சிறிதாகி, அங்கே இனங்கள் குறைவு என்ற பொய்யான முடிவு வரும். மலை உச்சி நோக்கிப் போகப் போகச் சரிவு கூடினால் இந்தப் பிழை உயரத்தின் விளைவு போலவே வேடம் போடும்.

சோலைக்குள் மரங்கள் 15 மீட்டரைத் தாண்டுவது குறைவு. கீழ்மலைக் காட்டில் காணும் அடுக்குகளும் இல்லை. கிளைகள் முறுக்கேறி, தலைகள் ஒன்றோடொன்று கோத்துப் பச்சைக் கூரையாக நிற்கும். இலைகள் சிறியவை, தடித்தவை. புதுத் தளிர் சிவப்பாக வரும். பட்டை முழுக்கப் பாசி, பன்னம், ஆர்க்கிட். மேகம் உராயும் உயரம் என்பதற்குப் பாசியின் கனமே போதும் அளவுகோல். காற்று வரும் திசையில் பாசி தடிமனாக இருக்கும்.

ஓரத்துக்கு வந்தால் காட்சி மாறுகிறது. நீலகிரிச் சோலை ஓரங்களில் இப்போது அதிகம் காண்பது ஆரஞ்சுப் பூக்குழல் தொங்கும் செஸ்ட்ரம் புதர். தோட்ட வேலிக்கும் அழகுக்கும் கொண்டுவந்த மத்திய அமெரிக்கச் செடி. பறவைகள் பழத்தைத் தின்று சோலைக்குள் விதையைப் போடுகின்றன, நிழலையும் தாங்கிக்கொள்கிறது. சோலை மரக் கன்றுகள் முளைக்கும் அதே உயரத்தில் இலையை விரித்து வெளிச்சத்தை அடைத்துவிடுகிறது. வெட்டினால் அடியிலிருந்து தழையும். மழைக்காலத்தில் மண் இளகியிருக்கும்போது வேரோடு பிடுங்கித் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். ஈரத் தரையில் போட்டால் தண்டு மறுபடி வேர்விடும்.

ஓரத்திலிருந்து உள்நோக்கி 0, 10, 25, 50, 100 மீட்டர் என்று கட்டங்கள் போட்டால், அயல் இனங்கள் எங்கே நிற்கின்றன என்று ஒரே நாளில் தெரிந்துவிடும். வெயில் எவ்வளவு வருகிறது என்பதையும் ஒவ்வொரு கட்டத்திலும் குறிக்க வேண்டும். மரம் விழுந்த இடைவெளி நடுச்சோலையிலும் ஓரம்போல நடந்துகொள்ளும்.

நான்காம் நாள்: ஊட்டி, தொட்டபெட்டா

ஊட்டியின் உயரம் 2,200 மீட்டரைத் தாண்டுகிறது. இங்கிருந்து உறைபனி ஆட்சி. டிசம்பர், ஜனவரியில் மேகமற்ற இரவில் தரை தன் வெப்பத்தை வானுக்கு இழக்கிறது. தரையைத் தொட்ட காற்று குளிர்ந்து கனத்து, சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. அதனால் ஊட்டியை அடுத்த தலைகுந்தா, கந்தல் பள்ளங்கள் வெள்ளையாகும் விடியலில், நூறு மீட்டர் மேலே மலைத்தோளில் புல் நனைந்திருக்கும், அவ்வளவுதான். ஏற ஏறக் குளிர் என்ற விதி இரவில் தலைகீழாகிறது. ஆகவே உயரத்தை மட்டும் எழுதி, பள்ளமா தோளா உச்சியா என்று எழுதாத குறிப்பு பாதிக் குறிப்பு.

வெப்பமானியை எங்கே வைக்கிறோம் என்பதும் பெரிய விஷயம். ஆளுயரத்தில் 3 டிகிரி காட்டும் இரவில் புல்லின் நுனியில் உறைநிலைக்குக் கீழே போயிருக்கும். கன்று வளர்வது புல்லின் உயரத்தில். தரையிலிருந்து 10 சென்டிமீட்டரில் ஒன்று, 1.5 மீட்டரில் ஒன்று, சோலைக்குள் 10 சென்டிமீட்டரில் இன்னொன்று என்று மூன்று பதிவுக்கருவிகள் வைத்தால் சோலை ஏன் மடிப்பை விட்டு வெளியே வருவதில்லை என்பது எண்ணாகவே கிடைக்கும்: கூரைக்கு அடியில் உறைபனி விழுவதில்லை; ஐந்து மீட்டர் தள்ளிப் புல்லில் விழுகிறது. வெப்ப மண்டல வம்சாவளியில் வந்த சோலை மரங்களின் கன்றுகள் ஓரிரு உறைபனி இரவிலேயே கருகுகின்றன. காட்டுத்தீயும் காற்றும் மீதியைச் செய்கின்றன.

விதிவிலக்கு காட்டுப்பூவரசு. ரத்தச் சிவப்புப் பூக்கொத்துடைய இந்த ரோடோடென்ட்ரான் இமயமலை வம்சம். தடித்த, வெடித்த பட்டை தீயைத் தாங்கும். தோல் போன்ற இலை உறைபனியைத் தாங்கும். அதனால்தான் புல்வெளி நடுவே தனியாக நிற்கக்கூடிய மரம் இது ஒன்றே என்று சொல்லும் அளவுக்கு இருக்கிறது. தொட்டபெட்டாச் சரிவில் இதை அருகில் போய்ப் பார்க்கலாம்: இலையின் மேற்புறம் கரும்பச்சை, அடிப்புறம் வெள்ளிப் பழுப்பு ரோமம், குளிர் காலையில் இலைகள் கீழ்நோக்கித் தொங்கும்.

தொட்டபெட்டாவின் மற்ற சரிவுகளில் கற்பூர மரம், அதாவது யூகலிப்டஸ். 1840களில் நீலகிரிக்கு வந்த ஆஸ்திரேலிய மரங்கள் முதலில் விறகுக்கு நடப்பட்டன. கற்பூரக் காட்டின் அடித்தளத்தில் பன்னமும் யூபடோரியமும் இருக்கும். காய்ந்த இலை கெட்டியாகக் கிடக்கும். அதே உயரம், அதே திசை, முந்நூறு மீட்டர் தள்ளிச் சோலை. 1க்கு 1 மீட்டர் கட்டங்களைப் பத்துப் பத்தாக இரண்டிலும் வைத்துப் பார்த்தால் நிலப்பயன்பாட்டின் கணக்கு உயரத்தின் குறுக்கீடு இல்லாமல் கிடைக்கும். இந்த இணை முறைதான் நீலகிரியில் வேலைக்கு ஆகும் ஒரே முறை என்பது எங்கள் உறுதியான கருத்து. உயரக் கோட்டில் வரிசையாகக் கட்டம் போட்டு ஏறினால், கீழே காடு, நடுவே தேயிலை, மேலே காய்கறித் தோட்டம் என்று உயரமும் பயன்பாடும் பின்னிக்கொண்டுவிடும். எது எதன் விளைவு என்று எந்தக் கணினியும் பிரித்துச் சொல்லாது.

ஊட்டிச் சுற்றுவட்டாரத்தில் புல்வெளி என்று பலர் படம் எடுப்பது ஆப்பிரிக்காவின் கிக்குயு புல். தரையோடு படர்ந்து, மெத்தையாக, எல்லாப் பருவமும் பச்சையாக இருக்கும். உள்ளூர்ப் புல் கொத்துக் கொத்தாக நிற்கும், கொத்துகளுக்கு நடுவே சின்னப் பூச்செடிகளுக்கு இடம் இருக்கும், கோடையில் பொன்னிறமாகும். காலை வைத்தாலே வித்தியாசம் தெரியும்.

ஐந்தாம் நாள்: அவலாஞ்சி, மேல்பவானி

நீலகிரியின் மேற்கு ஓரம் தென்மேற்குப் பருவமழையை நேராக வாங்குகிறது. 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பதிவானது. ஊட்டிக்கு ஓராண்டு முழுக்கப் பெய்யும் மழையில் பாதிக்கு மேல். கிழக்கே குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழையே பெரிது. இரு சரிவுகளின் 2,000 மீட்டரை ஒன்றாகக் கூட்டிச் சராசரி போடக்கூடாது.

இங்கேதான் புல்வெளியும் சோலையும் பக்கத்தில் பக்கத்தில் பழைய வடிவில் இருக்கின்றன. மடிப்பில் சோலை, தோளில் புல், அடியில் சதுப்பு. சதுப்பில் கோரைகளுக்கு நடுவே பூச்சி பிடிக்கும் டிரோசெரா. தோடர்கள் தங்கள் கோயில் கூரைக்கு எடுக்கும் எரியோக்ரைசிஸ் ரங்காச்சாரி என்ற புல்லும் இப்படிப்பட்ட ஈரப் புல்வெளியைச் சேர்ந்தது. சதுப்பை வடித்துக் கிழங்கும் காரட்டும் போட்டால் அந்தப் புல் போகிறது. புல் போனால் கூரை வேய வழியில்லை.

சோலை ஓரத்தில் கால் மீட்டர் முதல் ஆளுயரம் வரை நிற்கும் ஒரு புதரின் இலையைக் கசக்கினால் சுளுக்குத் தைல வாசனை வரும். கோல்தீரியா, தைலத்தில் இருக்கும் மெத்தில் சாலிசிலேட்டேதான். அதை அடுத்து மஞ்சள் பூ ஹைபெரிக்கம், தவிட்டுப்பழம், முள்ளோடு ஊசிக்கலா. இந்தப் புதர் வளையம் இரண்டு மூன்று மீட்டர் அகலத்தில் சோலையைச் சுற்றி இருந்தால் ஓரம் ஆரோக்கியமானது. புல்லும் மரமும் கத்தியால் வெட்டியதுபோல் முட்டிக்கொண்டால் அண்மையில் தீயோ வெட்டோ நடந்திருக்கும்.

புல்வெளியை ‘சும்மா கிடக்கும் நிலம்’ என்று நினைத்ததுதான் நீலகிரிக்கு நேர்ந்த பெரிய தீங்கு. காடு அழிந்து புல் வந்தது என்ற எண்ணம் நூறாண்டுக்கு மேல் ஓடியது. சூழலியலாளர் ராமன் சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் 1993இல் வெளியிட்ட ஆய்வு நீலகிரிச் சதுப்பு மண்ணை அடுக்கடுக்காக எடுத்து, அதன் கார்பன் ஐசோடோப்புகளை அளந்தது. ஒளிச்சேர்க்கையில் வெப்பப் புற்களில் பல சி4 என்ற வழியில் கார்பனைக் கட்டுகின்றன, மரங்கள் சி3 என்ற வழியில். இரண்டின் தடமும் மண்ணில் வேறுவேறாக நிற்கும். 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே புல் இருந்திருக்கிறது. தட்பவெப்பம் வறண்டபோது புல்லும் ஈரமானபோது மரமும் கூடிக் குறைந்திருக்கின்றன. கோடாரி வருவதற்கு வெகுகாலம் முன்பே உள்ள நிலம்.

அந்த நிலத்தில்தான் வாட்டில் எனப்படும் ஆஸ்திரேலியச் சீகை மரம் நடப்பட்டது. தோல் பதனிடும் பட்டைக்குச் சீகை, விஸ்கோஸ் நூலுக்குக் கற்பூர மரம். சுதந்திரத்துக்குப் பிறகான முப்பது நாற்பது ஆண்டுகளில் இது பேரளவில் நடந்தது. மின் திட்டங்களின் அணைகள் பள்ளத்துப் புல்வெளிகளையும் சதுப்புகளையும் மூழ்கடித்தன. பழனி மலையில் 1973க்கும் 2014க்கும் இடையே செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டபோது மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது தெரிந்தது. நீலகிரியின் கதையும் அதே திசையில்தான்.

சீகை ஏன் வென்றது என்பதை உயரத்தோடு சேர்த்தே புரிந்துகொள்ள வேண்டும். சோலை மரக் கன்றைக் கொன்ற அதே உறைபனி சீகைக் கன்றைக் கொல்லவில்லை. தென்கிழக்கு ஆஸ்திரேலியாவின் குளிரில் பழகி வந்த மரம் அது. ஸ்காட்ச் புரூம், கோர்ஸ் என்ற அயல் புதர்கள் இரண்டும் ஐரோப்பாவின் பனியில் பிறந்தவை. இந்த உயரம் யாரை வடிகட்டி வைத்திருந்ததோ அந்த வடிகட்டியைக் கடந்து வரக்கூடியவர்களையே மனிதர்கள் கப்பலில் ஏற்றி வந்தார்கள். உயரம் இன்னும் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. உள்ளூர்க் கன்றுகள் மீது மட்டும்.

ஆறாம் நாள்: சீகைக் காட்டுக்குள்

முன்பு புல்வெளியாக இருந்து இப்போது சீகையாக இருக்கும் இடத்தை அடையாளம் காண்பது கடினமில்லை. மரங்கள் ஒரே தடிமனில், சில இடங்களில் வரிசையாகக்கூட நிற்கும். பழைய, பெரிய சோலை மரமோ அதன் அடிக்கட்டையோ இருக்காது. வெளிச்சம் விழும் இடைவெளிகளில் பழைய புல் கொத்துகள் இன்னும் உயிரோடு இருக்கலாம். பழைய நில அளவைத் தாளில் அந்த இடம் மரக்குறி இல்லாமல் இருக்கும். அருகிலுள்ள மந்தில், அதாவது தோடர் குடியிருப்பில், பெரியவர்களிடம் கேட்டால், எருமை மேய்ந்த இடம் எது என்று எந்த வரைபடத்தையும்விடத் துல்லியமாகச் சொல்வார்கள்.

அகற்றுவதில் அவசரம் கூடாது. சீகை விதை மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். தீ பட்டால் உறை வெடித்து மொத்தமாக முளைக்கும். ஒரே நேரத்தில் முழுக்காட்டையும் வெட்டி, கழிவைக் கொளுத்தினால் அடுத்த மழையில் சதுர மீட்டருக்கு நூற்றுக்கணக்கில் கன்று வரும். இன்னொரு சிக்கல்: சீகை வேர் காற்றின் நைட்ரஜனை மண்ணில் சேர்க்கிறது. வளம் கூடிய அந்த மண்ணில் மெதுவாக வளரும் உள்ளூர்ப் புல்லைவிட யூபடோரியமும் பன்னமும் முந்திக்கொள்கின்றன.

வேலை செய்யும் வரிசை இது. முதலில் புல்வெளிக்குள் புதிதாகப் பரவும் ஓரத்தை எடுக்க வேண்டும், நடுக்காட்டை அல்ல. ஒரு மீட்டருக்குக் குறைந்த கன்றுகளை மழை ஈரத்தில் கையால் வேரோடு பிடுங்கலாம். பெரியவற்றில் இடுப்பளவிலிருந்து தரைமட்டம் வரை பட்டையைச் சுற்றிலும் முழுக்க உரிக்க வேண்டும். விரலகலம் பட்டை மிச்சமிருந்தாலும் மரம் பிழைத்துக்கொள்ளும். பிறகு உள்ளூர்ப் புல் கொத்துகளைப் பிரித்து, 30 சென்டிமீட்டர் இடைவெளியில், மழை தொடங்கிய வாரங்களில் நட வேண்டும். ஒவ்வோராண்டும் திரும்பி வந்து முளைத்ததைப் பிடுங்க வேண்டும். ஓராண்டு விட்டாலும் அது பூத்து விதை போட்டுவிடும்.

சோலையை ஒட்டிய பழைய சீகைக் காட்டுக்கு வேறு வைத்தியம். அதன் நிழலில் உறைபனி விழுவதில்லை; அதனால் பல இடங்களில் சோலை மரக் கன்றுகள் அதற்கு அடியில் எழும்பியிருக்கின்றன. அங்கே அடியோடு வெட்டினால் கன்றுகள் முதல் டிசம்பரிலேயே கருகும். ஆண்டுக்குச் சில மரங்களாகப் பட்டை உரித்து நிற்கவிட்டே சாகடிக்கலாம். எந்தத் துண்டில் எந்த முறை என்று முடிவெடுக்க, வெட்டுமுன் 5க்கு 5 கட்டங்களில் சோலைக் கன்றுகளை எண்ணினாலே போதும்.

குறிஞ்சியைக் கேட்பவர்களுக்கு: நீலக்குறிஞ்சி 1994, 2006, 2018 என்று பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பூத்தது. பூத்து, விதைத்து, மொத்தமாக மடிந்து, மறுபடி விதையிலிருந்து எழும் செடி. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்தச் சரிவைச் சீகை மூடிவிட்டால் பன்னிரண்டாவது ஆண்டு பூக்க எதுவும் இருக்காது. பூக்காத ஆண்டுகளில்தான் அந்த இடங்களைக் கணக்கெடுக்க வேண்டும்.

ஏழாம் நாள்: கல்லட்டி வழியாக மாசினகுடி

தலைகுந்தாவிலிருந்து 36 கொண்டை ஊசி வளைவுகளில் வடக்கே இறங்கும் சாலை. மேலே சீகையும் தேயிலையும் காய்கறியும். பாதி இறங்கியதும் மரங்கள் குட்டையாகி, புல் காய்ந்து, கீழே சீகூர் சமவெளியில் முள்காடு. மாசினகுடி ஏறக்குறைய 900 மீட்டர். பர்லியாரின் உயரத்தோடு ஒப்பிடத்தக்கது. வெப்பமும் பெரிதாக மாறவில்லை. ஆனால் அங்கே மங்குஸ்தான், இங்கே இலந்தையும் கருங்காலியும். மலை மழையை மேற்கிலும் தெற்கிலும் பிழிந்துவிட்ட பிறகு மிஞ்சிய காற்றுதான் இந்தப் பக்கம் இறங்குகிறது. கால்நடை மேய்ச்சலும் விறகும் நீண்டகாலமாக இந்தக் காட்டின் மீது இருப்பதால், ஊரிலிருந்து 1, 2, 4 கிலோமீட்டர் தூரங்களில் கட்டம் போட்டால் முள் இனங்களின் பங்கு மாறுவதைக் காணலாம். உண்ணிச்செடி இங்கே மறுபடி தலைகாட்டுகிறது.

காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் செடி பறிக்கக்கூடாது. ஒவ்வொரு செடிக்கும் ஐந்து படங்கள் போதும்: முழுச்செடி, இலையின் இருபுறம், பூ அல்லது காய், பட்டை, நின்ற இடம். புற்களைப் பூவில்லாமல் இனம் காண முடியாது. அதற்குச் செப்டம்பர் முதல் நவம்பர் வரை வர வேண்டும். குறிப்பேட்டில் உயரம், சரிவின் அளவு, அது பார்க்கும் திசை, பள்ளமா தோளா, இப்போதைய பயன்பாடு, முந்தைய பயன்பாடு என்று ஆறு பத்திகள். கடைசிப் பத்தியை அன்றே, ஊர்க்காரர் ஒருவரையாவது கேட்டு நிரப்ப வேண்டும். வீட்டுக்கு வந்து நிரப்ப முடியாத பத்தி அது ஒன்றுதான்.